பதினொன்றுக்குப் பிறகும் கொத்து அடிக்க: லண்டன் டேக்அவே கடைக்கு இரவு லைசென்ஸ் எடுக்கும் வழி

ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹரோ, வெம்பிளி என்று எங்கள் ஆட்கள் கடை போட்டிருக்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் என்னிடம் வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணை, இரவு ரெண்டு மணி வரைக்கும் திறக்க என்ன செய்யவேணும்?" நான் சொலிசிட்டர் இல்லை. முன்பு ஒரு சிக்கன் கடையில் இரவு வேலை பார்த்தவன். இப்போது கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன், கூடவே கவுன்சில் படிவங்களையும் நிரப்பிக் கொடுக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்கொட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேறொரு லைசென்ஸ் இருக்கிறது, ஆகவே கிளாஸ்கோவில் கடை வைத்திருப்பவர்கள் இதை நம்பிப் படிவம் நிரப்ப வேண்டாம்.

எதற்கு லைசென்ஸ், எதற்கு வேண்டாம்

2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மதுபானம், பாட்டுக் கச்சேரி எல்லாவற்றையும் ஆளுகிற அதே சட்டம்தான் டேக்அவே கடையையும் பிடிக்கிறது. இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் பொதுமக்களுக்குச் சூடான சாப்பாடோ சூடான பானமோ கொடுத்தால் அது 'லேட் நைட் ரிஃப்ரெஷ்மென்ட்'. அதற்குக் கவுன்சில் தரும் 'பிரிமிசஸ் லைசென்ஸ்' வேண்டும். கடைக்குள் இருந்து சாப்பிட்டாலும் சரி, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாலும் சரி.

சூடு என்றால் எது என்பதில்தான் கடைக்காரர்கள் குழம்புகிறார்கள். சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே சூடாக்கி, கையில் கொடுக்கும்போது சுற்றியுள்ள காற்றை விடச் சூடாக இருந்தால் அது சூடான சாப்பாடு. கொத்து, பிரியாணி, சிக்கன், கபாப் பற்றிக் கேள்வியே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் சூடாக இருக்கும் ரோல்ஸும் பற்றிஸும் அதற்குள் வரும். பிரிட்ஜில் இருந்த குளிர்ந்த ரோல்ஸை விற்கலாம். ஆனால் அதை வாங்கியவர் உங்கள் கடை மைக்ரோவேவில் சூடாக்கிக்கொள்ள முடிந்தால் அதுவும் சூடான சாப்பாடாகிவிடும். தேத்தண்ணி, கோப்பி இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டும். குளிர்ந்த சோடா, ஐஸ்கிரீம், சான்ட்விச் போன்றவற்றை விடிய விடிய விற்கலாம், இந்தச் சட்டம் தடுக்காது. ஊழியர்களுக்குக் கொடுக்கும் சாப்பாடும் கணக்கில் இல்லை.

"சூடான தேத்தண்ணி இலவசம், குளிர்ந்த ரோல்ஸுக்கு மட்டும் காசு" என்று ஒருவர் என்னிடம் கெட்டித்தனமாகக் கேட்டார். சட்டம் எழுதியவர்கள் அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இலவசம் என்றால் உண்மையாகவே இலவசமாக இருக்க வேண்டும். அதைப் பெற வேறொன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் அது இலவசம் இல்லை.

அடுத்தது டெலிவரி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முன் வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு, பின் கதவால் ஊபர் ஈட்ஸுக்கும் டெலிவரூவுக்கும் பார்சல் கொடுத்துக்கொண்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். வாசலால் யாரும் உள்ளே வரவில்லை, ஆகவே லைசென்ஸ் தேவையில்லை என்பது அவர்களின் கணக்கு. கணக்குப் பிழை. கடைக்குள் கொடுப்பதும் கடையிலிருந்து அனுப்புவதும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆர்டர் 10.50க்கு வந்தது என்பதும் உதவாது. சூடான பார்சல் எத்தனை மணிக்குப் போகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். சில அதிகாரிகள் கடைக்கு வருவதற்கு முன்பே ஆப்பைத் திறந்து, நீங்கள் போட்டிருக்கும் நேரத்தைப் படமெடுத்து வைத்துவிடுகிறார்கள். லைசென்ஸ் கையில் வரும் வரை ஆப்பில் நேரத்தை 10.30க்கே முடித்துவிடுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது உச்சவரம்பு இல்லாத அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இருந்தும் அதிலுள்ள நிபந்தனையை மீறினாலும் இதே குற்றம்தான். இந்த இரண்டாவது வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. மதுபானம் விற்காவிட்டால் 'பர்சனல் லைசென்ஸ்' தேவையில்லை, அதற்கான பரீட்சையும் தேவையில்லை, மேற்பார்வையாளர் என்று ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுக் கொடுக்கவும் வேண்டாம். சூடான சாப்பாட்டுக்கு மட்டும் விண்ணப்பிக்கும் ஒருவரிடம் யாராவது கோர்ஸ் விற்க வந்தால் கதவைக் காட்டுங்கள்.

காசு கட்டுவதற்கு முன்

லைசென்ஸ் ஒரு கதவு. பிளானிங், அதாவது கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி, இன்னொரு கதவு. ஒன்றின் சாவி மற்றதைத் திறக்காது. கடையை டேக்அவேயாக நடத்த பிளானிங் அனுமதி இருக்கிறதா, அதில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து டேக்அவே எந்தப் பிளானிங் வகுப்பிலும் சேராத தனி இனம். பக்கத்திலிருந்த துணிக்கடையை வாங்கி, அனுமதி எடுக்காமல் அடுப்பை மூட்ட முடியாது. கவுன்சிலின் பிளானிங் இணையப் பக்கத்தில் கடை விலாசத்தைப் போட்டால் பழைய அனுமதிகள் வரும். அதில் தீர்ப்புக் கடிதத்தைத் திறந்து நிபந்தனைகளை வாசியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வடமேற்கு லண்டனில் நல்ல விலைக்கு ஒரு கடை வாங்கினார். இரவு 2 மணி வரை லைசென்ஸ் கூடவே வந்தது, அதற்கென்று மேலதிகமாகவும் கொடுத்தார். பழைய பிளானிங் கடிதத்தில் இரவு 11க்கு மூட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. இரண்டில் எது முந்துகிறதோ அந்த நேரத்துக்குத்தான் மூட வேண்டும். அந்த லைசென்ஸ் இப்போது சுவரில் அழகாகத் தொங்குகிறது.

லீஸையும் எடுத்துப் படியுங்கள். மேலே பிளாட் இருக்கும் கட்டடங்களில் வீட்டுக்காரர் நேரத்தைக் கட்டுப்படுத்தியிருப்பது வழக்கம். சாப்பாட்டுக் கடையாகக் கவுன்சிலில் பதிவதற்குக் காசு இல்லை. ஆனால் திறப்பதற்கு 28 நாளுக்கு முன் பதிய வேண்டும், இரவு லைசென்ஸ் அதற்குப் பதிலாகாது. தெருவோரத்தில் வானை நிறுத்தி விற்பவர்களுக்கு இரவு லைசென்ஸோடு தெரு வியாபார அனுமதியும் வேண்டும்.

கட்டணம் வாடகையை வைத்துக் கணிக்கப்படுவதில்லை. கடையின் 'ரேட்டபிள் வேல்யூ'வை, அதாவது கடை வரிக்காக அரசு போட்டிருக்கும் மதிப்பை வைத்துத்தான். பிஸ்னஸ் ரேட்ஸ் கடிதத்தில் அந்த எண் இருக்கும், அரசு இணையத்தளத்தில் தபால் குறியீட்டைப் போட்டும் பார்க்கலாம். 4,300 பவுண் வரை என்றால் விண்ணப்பத்துக்கு 100 பவுண், பிறகு ஆண்டுக்கு 70. 33,000 வரை 190, ஆண்டுக்கு 180. எங்கள் ஆட்களின் சின்னக் கடைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசையில்தான் விழும். 87,000 வரை 315, ஆண்டுக்கு 295. அதற்கு மேலே இன்னும் இரண்டு வரிசை இருக்கிறது, ஆகக்கூடியது 635, ஆண்டுக்கு 350. 2005இல் வைத்த கட்டணம் இவ்வளவு காலமாக ஏறாமல் நிற்பது அதிசயம்தான். ஆனாலும் கட்டுவதற்கு முன் கவுன்சில் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் காசு திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம்.

படிவம்

இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கடதாசியிலும் கொடுக்கலாம். இணையத்திலேயே செய்யுங்கள். கடதாசியில் கொடுத்தால் பொலிஸ், தீயணைப்புப் பிரிவு, என்விரன்மென்டல் ஹெல்த், பிளானிங், டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், சிறுவர் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், ஹோம் ஆபிஸின் குடிவரவுப் பிரிவு என்று எல்லாருக்கும் நீங்களே பிரதி அனுப்ப வேண்டும். ஒன்று தவறினாலும் நாள் எண்ணுவதே தொடங்காது. இணையத்தில் போட்டால் அந்த வேலையைக் கவுன்சில் பார்க்கும்.

தனி ஆளாக விண்ணப்பிப்பவர் இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை இருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து இந்த விதி. விசா முடிந்து உரிமை போனால் லைசென்ஸும் போய்விடும். கம்பனி பெயரில் எடுத்தால் இந்த ஆதாரம் கேட்க மாட்டார்கள், ஆனால் கம்பனிக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரம் எழுதும் பெட்டியில் பலர் பகல் 12 மணியிலிருந்து எழுதுகிறார்கள். தேவையில்லை. 11 மணிக்கு முன் சூடான சாப்பாட்டுக்கு லைசென்ஸே வேண்டாம் என்பதால் தொடக்கம் 23.00 என்றுதான் இருக்க வேண்டும். வெள்ளி இரவு 2 மணி என்பது நாள்காட்டியில் சனி. படிவத்தில் அதை வெள்ளிக்கிழமை வரியில் 23.00 முதல் 02.00 வரை என்று எழுதுங்கள். சனி வரியில் எழுதி, வெள்ளி இரவை முழுதாக இழந்தவர்கள் இருக்கிறார்கள். கடை திறந்திருக்கும் நேரத்துக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, அங்கே காலையிலிருந்து எழுதலாம். பாங்க் ஹொலிடே ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டுமென்றால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பிறகு சேர்க்கப் போனால் பெரும்பாலும் முழு மாற்றத்துக்கான விண்ணப்பம், முழுக் கட்டணம், மீண்டும் 28 நாள்.

எவ்வளவு நேரம் கேட்பது? வாரம் முழுக்க விடிய 3 மணி வரை கேட்டுவிட்டு, பிறகு பேரம் பேசி இறங்கலாம் என்பது எங்கள் சந்தைப் பழக்கம். இங்கே அது உதவாது. பக்கத்து வீட்டுக்காரர் கடை வாசலில் ஒட்டும் நீல நோட்டீஸில் 3 மணி என்பதைப் பார்த்த கணத்திலேயே எதிராளி ஆகிவிடுகிறார், பிறகு 12 மணிக்கு இறங்கினாலும் அவர் இறங்கமாட்டார். செவ்வாய் இரவு ஒரு மணிக்கு உங்கள் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று ஒருமுறை போய் நின்று பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை 12, வெள்ளி சனி 1 அல்லது 2 என்று கேட்டால் பல கடைகளுக்கு வியாபாரமும் போதும், சண்டையும் குறைவு.

கடையின் வரைபடமும் வேண்டும். இன்ன அளவில்தான் வரைய வேண்டும் என்று இல்லை, தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுவர்கள், வாசல்கள், தீ வந்தால் வெளியேறும் வழி, குசினி, கவுண்டர், படிகள், கழிவறை, தீயணைப்புக் கருவிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. 

நீங்கள் எழுதுவதே உங்களுக்குச் சட்டம்

படிவத்தின் கடைசியில் ஐந்து பெட்டிகள் வரும். பொதுவாக ஒன்று, பிறகு நான்கு நோக்கங்களுக்கும் ஒவ்வொன்று: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, சிறுவர்களைத் தீங்கிலிருந்து காப்பது. இதை 'ஆப்பரேட்டிங் ஷெட்யூல்' என்பார்கள். கடைக்காரர்கள் மிகக் குறைவாக நேரம் செலவழிப்பது இதில்தான். லைசென்ஸை உருவாக்குவதும் கெடுப்பதும் இதுதான்.

ஏனென்றால் இங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்குறுதியும் அப்படியே நிபந்தனையாக மாறி லைசென்ஸில் ஏறும். பொலிஸைக் குளிர்விக்க எதையாவது எழுதினால், அதை ஒவ்வொரு இரவும் செய்யாவிட்டால், நான் மேலே சொன்ன அதே குற்றம். இணையத்தில் வேறொரு கடையின் படிவத்தை எடுத்து அப்படியே ஒட்டுபவர்கள் மாட்டுவது இப்படித்தான். பெரிய நைட்கிளப்புக்கு எழுதியதை நான்கு கதிரை உள்ள கொத்துக் கடைக்கு ஒட்டிக் கொடுத்திருந்த ஒரு படிவத்தை நானே பார்த்தேன். உடுப்பு வைக்கும் அறை வரை அதில் இருந்தது.

நான் எழுதும்போது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி இது: சனி இரவு ஒன்றரை மணி, உள்ளே இரண்டே ஊழியர்கள், வரிசையில் எட்டுப் பேர், மழை. இதை அப்போது யார் செய்வார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் எழுத மாட்டேன்.

கேமராவை உதாரணத்துக்கு எடுங்கள். லண்டன் பொலிஸ் வழக்கமாகக் கேட்பது 31 நாள் பதிவு. அதற்கு ஒத்துக்கொள்ளலாம், நல்ல பதிவுப் பெட்டி வாங்கினால் போதும். அதற்கு அடுத்த வரிதான் பொறி: கடை திறந்திருக்கும் எல்லா நேரமும் பதிவை எடுத்துக் காட்டத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பார்கள். முதலாளிக்கு மட்டுமே கடவுச்சொல் தெரிந்த கடையில் இது நடக்குமா? இரவு வேலை செய்யும் இரண்டு பேருக்கும் பழக்கிவிடுங்கள், எப்படி எடுப்பது என்று தமிழில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நேரம் குளிர்காலத்தில் ஒரு மணி பின்னுக்குப் போகும்போது கேமராக் கடிகாரமும் மாறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 11.20க்கு விற்றது 12.20 என்று காட்டும்.

வாசல் காவலாளி அடுத்தது. எஸ்.ஐ.ஏ. (காவலாளிகளுக்கு லைசென்ஸ் தரும் அமைப்பு) பதிவுள்ள ஆள் வெள்ளியும் சனியும் நிற்பார் என்று நீங்களாக எழுத வேண்டாம். பப்களும் கிளப்களும் நெருக்கமாக உள்ள தெருவில் பொலிஸ் கேட்டால் பேசலாம். அமைதியான தெருவில் கேட்டால், "ஆபத்தைக் கணித்து, தேவைப்படும் இரவுகளில் வைப்பேன், கணிப்பை எழுதி வைப்பேன்" என்று மாற்றிக் கேளுங்கள். பல பொலிஸ் லைசென்சிங் அதிகாரிகள் அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்ட பிறகு அந்தக் கணிப்பை உண்மையாகவே எழுதி வையுங்கள்.

குப்பை விஷயத்தில் "தெருவைச் சுத்தமாக வைத்திருப்பேன்" என்று எழுதக்கூடாது. தெரு முழுக்க உங்கள் தலையில் விழும். கடை மூடும்போது வாசலிலிருந்து இரண்டு பக்கமும் இத்தனை மீட்டருக்குள் எங்கள் கடைப் பொதிகளைப் பொறுக்குவோம் என்று எழுதுங்கள். 20 மீட்டர் என்றால் ஒரு பெடியன் விளக்குமாறோடு பத்து நிமிடத்தில் முடிப்பான். குப்பைப் பைகளையும் போத்தல்களையும் இரவு 11க்குப் பிறகு வெளியே எறியமாட்டோம் என்பதையும் சேர்த்தால் அயலவர் சந்தோஷப்படுவார்கள். செய்வதும் எளிது.

தொல்லை என்ற பெட்டியில் இப்போது முதலிடம் டெலிவரி மோட்டார்சைக்கிள்களுக்குத்தான். படுக்கையறை யன்னலுக்குக் கீழே எஞ்சினை ஓடவிட்டு, போனில் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நிற்கும் மூன்று பெடியன்கள் போதும், நூறு நல்ல வாடிக்கையாளர்களை மறக்கடிக்க. அவர்கள் உங்கள் ஊழியர்கள் இல்லை, ஆப்பின் ஆட்கள். ஆனாலும் பழி உங்களுக்குத்தான். ஆகவே எழுதக்கூடியது: 11க்குப் பிறகு டெலிவரிக்காரர் கடைக்குள் வந்து காத்திருக்க இடம் வைப்போம், எஞ்சினை அணைக்கச் சொல்லி அறிவிப்பு வைப்போம், மறுப்பவரைப் பற்றி ஆப் நிறுவனத்துக்கு முறையிட்டுப் புத்தகத்தில் பதிவோம். அவர்கள் சத்தமே போட மாட்டார்கள் என்று எழுதினால் அது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி.

சிறுவர் பெட்டியில் மதுபானம் விற்காத கடைக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. இரவு பிந்தித் தனியே வரும் சிறு பிள்ளையைக் கண்டால் ஊழியர் என்ன செய்வார் என்று இரண்டு வரி போதும். சம்பவப் புத்தகம் ஒன்று வைப்பேன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒன்றும் நடக்காத இரவுக்கும் "ஒன்றும் இல்லை" என்று தேதி போட்டு எழுதுங்கள். வெற்றுப் புத்தகத்தைப் பார்த்தால் நீங்கள் எழுதுவதே இல்லை என்றுதான் அதிகாரி நினைப்பார்.

நீலக் கடதாசியும் பத்திரிகை விளம்பரமும்

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அடுத்த நாளிலிருந்து 28 நாள் எண்ணப்படும். அந்த 28 நாளும் தொடர்ச்சியாக வெளிர் நீல நிற நோட்டீஸ் ஒன்று கடை வாசலில் தொங்க வேண்டும். ஏ4 அளவு அல்லது பெரிது, எழுத்து 16 பாயின்டுக்குக் குறையக்கூடாது, வெளியே நிற்பவர் வசதியாக வாசிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பச்சை, மஞ்சள், வெள்ளை எதுவும் செல்லாது. குசினி நீராவி படியும் கண்ணாடியில் உள்ளே ஒட்டினால் நாலு நாளில் சுருண்டு விழும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள். ஷட்டர் இறங்கியிருக்கும் பகலில் நோட்டீஸ் மறைகிறதென்றால் ஷட்டருக்கு வெளியேயும் ஒன்று ஒட்டுங்கள். தினமும் தேதி தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், "நான் பார்க்கவே இல்லை" என்று யாராவது சொல்லும்போது உதவும்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருமுறை விளம்பரமும் வர வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அடுத்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள். இந்தச் செலவுதான் பலருக்கு நெஞ்சு வலி, லைசென்ஸ் கட்டணத்தை விடக் கூடப் போவதும் உண்டு. வாரப் பத்திரிகை என்றால் அவர்கள் எந்த நாளோடு முடித்துக்கொள்கிறார்கள் என்று முதலே கேளுங்கள். வெள்ளி விண்ணப்பம் போட்டுவிட்டு மறு வாரம் பத்திரிகைக்கு அழைப்பவர்களுக்கு நாள் போதாமல் போகிறது.

எதிர்ப்பு வந்தால்

28 நாளில் யாரும் எதிர்க்கவில்லை என்றால் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். அவர்களுக்கு உங்களைப் பிடிக்காவிட்டாலும் சரி. ஒருவராவது செல்லுபடியாகும் எதிர்ப்பு எழுதி, அது தீராவிட்டால் விசாரணை.

எதிர்ப்பு அந்த நான்கு நோக்கங்களைப் பற்றித்தான் இருக்க வேண்டும். "இந்தத் தெருவில் ஏற்கனவே போதுமான சிக்கன் கடைகள் இருக்கின்றன" என்பது எடுபடாது, வியாபாரத் தேவையை லைசென்சிங் பார்ப்பதில்லை. போட்டிக் கடைக்காரர் எழுதினாலும் இதே அளவுகோல்தான். ஒரு விதிவிலக்கு, கடைகள் நெருங்கித் தொல்லை ஏற்கனவே மிஞ்சிய சில பகுதிகளைக் கவுன்சில் 'கியூமுலேட்டிவ் இம்பாக்ட்' பகுதி என்று அறிவித்திருக்கும். வெஸ்ட்மின்ஸ்டரில் வெஸ்ட் எண்ட் அப்படித்தான். அங்கே எதிர்ப்பு வந்தால், இருக்கிற தொல்லையோடு உங்கள் கடை மேலதிகமாக எதையும் சேர்க்காது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். கடை வாடகைக்கு எடுப்பதற்கு முன் கவுன்சிலின் லைசென்சிங் கொள்கையைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பொலிஸோ என்விரன்மென்டல் ஹெல்த்தோ எழுதினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் "இந்த நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டால் எதிர்ப்பை எடுத்துவிடுகிறோம்" என்ற மின்னஞ்சல் கூடவே வரும். வாசித்து, செய்ய முடிந்ததற்கு ஒத்துக்கொள்ளுங்கள், முடியாததற்கு வேறு வசனம் எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் "யெஸ் சேர்" என்று உடனே பதில் போடுபவர்கள்தான் ஒரு வருடம் கழித்து என்னிடம் தலையைச் சொறிந்துகொண்டு வருகிறார்கள்.

அயலவர் எழுதினால் அவருடைய கடிதம் உங்களுக்கும் வரும். பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த நாள் அதுவே பொலிஸின் முதல் ஆதாரமாகும். கவுன்சில் மூலமாகச் சந்திக்கக் கேட்கலாம். இன்னும் நல்லது, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மேல் பிளாட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லி, கடைத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைப்பது. சத்தம் என்றால் கவுன்சிலுக்கு எடுக்கும் முன் உங்களுக்கு எடுப்பார்.

விசாரணை, 28 நாள் முடிந்த பிறகு 20 வேலை நாளுக்குள் தொடங்க வேண்டும். மூன்று கவுன்சிலர்கள் இருப்பார்கள். இது கோர்ட் இல்லை, சத்தியம் செய்யச் சொல்ல மாட்டார்கள். அழைப்புக் கடிதத்தில் வருவீர்களா, யாரோடு வருவீர்கள், சாட்சி இருக்கிறதா என்று பதில் கேட்டிருப்பார்கள், அதை நாளுக்குள் அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், பள்ளிக்கூடம் போகும் மகளை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பேச எல்லாருக்கும் சம நேரம்தான். எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் கடன், குடும்பம், ஊரில் பட்ட கஷ்டம் எல்லாம் சொல்கிறார்கள். கவுன்சிலர்கள் இரக்கத்தோடு கேட்பார்கள், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதற்குப் பதிலாக, எதிர்ப்புக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு புகாருக்கும் நேரே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்: மணம் என்றால் புகைபோக்கியைச் சுத்தம் செய்த பற்றுச்சீட்டு, குப்பை என்றால் மூடும் நேர அட்டவணை, சத்தம் என்றால் கதவை மூடி வைக்கும் நேரம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குச் சொலிசிட்டரைப் பிடியுங்கள், நான் போதாது.

ஒத்திகை பார்க்க ஒரு வழி

முழு லைசென்ஸுக்கு முன், அல்லது தீபாவளி, டிசம்பர் கடைசி வாரம் போன்ற சில நாட்களுக்கு மட்டும் 'டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ்' கொடுக்கலாம். 21 பவுண். நிகழ்வுக்கு 10 முழு வேலை நாள் முன்பே கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். கொடுக்கும் நாளும் நிகழ்வு நாளும் கணக்கில் இல்லை. ஒரு நோட்டீஸ் ஆகக்கூடியது ஏழு நாள், ஒரு கடைக்கு வருடத்துக்கு மொத்தம் 21 நாள். பர்சனல் லைசென்ஸ் இல்லாத ஒருவர் வருடத்துக்கு ஐந்து நோட்டீஸ் கொடுக்கலாம். 5 முதல் 9 வேலை நாளுக்குள் பிந்திக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அதற்குப் பொலிஸ் ஒரு வரி எதிர்ப்பு எழுதினால் விசாரணையே இல்லாமல் அது செத்துவிடும். இப்படிச் சில இரவுகள் புகார் இல்லாமல் நடத்திக் காட்டிய கடைக்கு விசாரணையில் சொல்ல ஒரு கதை இருக்கும்.

கையில் வந்த பிறகு

லைசென்ஸின் சுருக்கப் பக்கத்தைக் கடைச் சுவரில் மாட்டுங்கள், முழுப் பிரதியைக் கடைக்குள் வைத்திருங்கள், கணக்காளர் வீட்டில் வைக்க வேண்டாம். அதிகாரி கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் அதுவே குற்றம். லைசென்ஸுக்கு முடிவுத் தேதி கிடையாது, ஆனால் ஆண்டுக் கட்டணம் லைசென்ஸ் கிடைத்த அதே தேதியில் வரும். கட்டாவிட்டால் கவுன்சில் அதை இடைநிறுத்தும், அந்த இரவு விற்றாலும் லைசென்ஸ் இல்லாமல் விற்றதாகத்தான் அர்த்தம். கடை விலாசத்துக்கு வரும் கடிதங்களை பீட்ஸா துண்டுப் பிரசுரங்களோடு சேர்த்து எறியும் பழக்கத்தை விடுங்கள்.

கடையை வாங்கினால் 'டிரான்ஸ்ஃபர்' விண்ணப்பம், 23 பவுண், உடனே நடைமுறைக்கு வரும்படி கேட்கலாம். பழைய உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும், ஆகவே முழுக் காசையும் கொடுப்பதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். கவுண்டரை நகர்த்துவது போன்ற சின்ன மாற்றத்துக்கு 89 பவுணில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. இரவு நேரத்தை நீட்ட அதை நம்பியிருக்க வேண்டாம்.

கம்பனி விஷயம் சொல்கிறேன் என்றேன். லைசென்ஸ் கம்பனி பெயரில் இருந்து, ஆண்டுக் கணக்கும் கம்பனி விவரமும் அனுப்பாமல், கம்பனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸ் அந்தக் கம்பனியைப் பதிவிலிருந்து நீக்கினால், லைசென்ஸும் அதே கணத்தில் செத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது மாதங்கள் கழித்துப் பரிசோதனை வரும்போதுதான் தெரிகிறது. 28 நாளுக்குள் கண்டுபிடித்தால் டிரான்ஸ்ஃபர் போட்டு உயிர்ப்பிக்கலாம். பிந்தினால் புது விண்ணப்பம், புது நீல நோட்டீஸ், புது விளம்பரம். கடை வாங்குபவர்கள் சுவரில் தொங்கும் லைசென்ஸில் உள்ள கம்பனிப் பெயரை கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. 'டிசால்வ்ட்' (கலைக்கப்பட்டது) என்று இருந்தால் விலையை மீண்டும் பேசுங்கள்.